பிலோமினா அக்காவும் ஸ்டிக்கர் ரூம் ஏசியும்

பிலோமினா அக்கா போயிட்டாங்க.

நேத்து மதியம் வேப்பூர் ஹோட்டல்ல தோசைக்கல் முன்னாடி நின்னவங்க, தலை சுத்துதுன்னு வீட்டுக்கு வந்து படுத்திருக்காங்க... எழுந்திரிக்கல. வெயில்தான் காரணம்னு டாக்டர் சொன்னாராம்.

இப்பதான் அங்க இருந்து திரும்பி வந்தேன். அழக்கூடத் தெம்பு இல்ல. தெரிஞ்சவங்களுக்குச் சொல்லணுமேன்னு எழுதுறேன்.

விருத்தாசலத்துல ஒரு செராமிக் யூனிட்ல எனக்கும் அவங்களுக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். கப்புல பூ ஸ்டிக்கர் ஒட்டுற வேலை.

ஸ்டிக்கரைத் தண்ணியில ஊறப் போட்டு, வழுக்கி எடுத்து, கப்புல ஒட்டி நீவி விடணும். ஃபேன் போட்டா தூசி ஒட்டிக்கும், ஸ்டிக்கர் பறக்கும். அதனால அந்த ரூமுக்கு மட்டும் ஒரு பழைய ஏசி.

ஏசி எங்களுக்காக இல்ல, ஸ்டிக்கருக்காக. இதை ஓனர் அப்பப்ப மறக்காம ஞாபகப்படுத்துவார்.

அக்காவுக்குச் சூடு ஆகவே ஆகாது. முன்னாடி சூளைப் பக்கம் வேலை பார்த்து மயங்கி விழுந்தவங்க. வீட்டுக்காரர் இல்ல, பொண்ணு ஸ்டெல்லா அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தா. அக்காவால தாக்குப் பிடிக்க முடிஞ்ச வேலைன்னா அந்த ரூம் ஒண்ணுதான்.

ஆனா மே மாசம் வந்தா அந்த ஏசியே மயங்கிடும். வெளி யூனிட் மேற்குச் சுவர்ல இருக்கு, எதிர்ல சூளை ஷெட். மதியம் ஆச்சுன்னா டப்புன்னு நின்னுடும்.

ஒருநாள் ஓனர் உள்ள வந்தார். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா கழட்டிப் போட்டுடுவேன். ஸ்டிக்கர் வேலைய வெளிய குடுத்துக்கறேன், நீங்கல்லாம் வூட்டுக்குப் போவலாம்."

அக்கா முகம் அப்ப போன போக்கு இருக்கே... விடுங்க.

எங்க போர் தண்ணி உப்பு. அதுல ஸ்டிக்கரை ஊற வெச்சா கப்புல வெள்ளையா கறை நிக்கும். ஏசியில இருந்து சொட்டுற தண்ணியில அந்தப் பிரச்சினை இல்ல, அதனால பக்கெட்ல பிடிச்சு அதைத்தான் பயன்படுத்துவோம். மிச்சம் நிறைய வரும், கீழ கொட்டிடுவோம்.

அக்கா அந்தப் பக்கெட்டையே பார்த்துட்டு இருந்தாங்க. "இத அந்த வெளி யூனிட்டு பின்னாடி ஈரமா வெச்சா என்னாடி? வெயிலுக்கு ஜன்னல்ல ஈரத் துணி கட்றமே, அது மாரிதான?"

மெக்கானிக்கைக் கேட்டோம். காத்து உள்ள இழுக்கிற பக்கம் ஈரமா இருந்தா யூனிட் சூடு குறையும், ஆனா காத்தை அடைச்சுடாதீங்கன்னு சொன்னார்.

துணி கட்டினா நாத்தம் அடிக்கும். எங்க இடத்துல தண்ணி குடிக்கிற பொருளுக்கா பஞ்சம்! ஒரு தடவை சுட்டு, பளபளப்பு பூசாத சாமானை பிஸ்கட்னு சொல்லுவோம். தண்ணியை அப்படியே உறிஞ்சி வெச்சுக்கும். கப்பு, பிள்ளையார் பொம்மைன்னு வீணாப்போனது மூலையில குவிஞ்சு கிடக்கும்.

மறுநாள் காலையில அக்கா அவசர அவசரமா ஒரு ட்ரே பிள்ளையார் பொம்மையைத் தூக்கிட்டு வந்து யூனிட் பின்னாடி அடுக்கினாங்க. தண்ணி சொட்டுற ஏசி ட்யூபை அதுமேல திருப்பி விட்டாங்க.

எடுக்கிறப்ப தட்டிப் பார்க்கணும். சுட்டது ணங்குன்னு கேக்கும், சுடாதது மொத்துன்னு கேக்கும். புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல சொல்ற பாடமே அதான். அக்கா அன்னிக்குத் தட்டல.

வந்தது அத்தனையும் சுடாத பச்சை மண். சாப்பாட்டு நேரத்துக்குள்ள பிள்ளையார் வரிசை மொத்தமும் கரைஞ்சு சேறு... வழிஞ்சு ஓனர் பைக் வரைக்கும் போயிடுச்சு.

தொலைஞ்சோம்னு நின்னோம். ஓனர் வந்து பார்த்தார்.

"ஏம்மா பிலோமினா... புள்ளையார கரைக்க இன்னும் நாளு இருக்குதேம்மா?"

அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

சாயங்காலம் வரைக்கும் அக்கா டூத் பிரஷ்ஷை வெச்சு யூனிட்டைக் கழுவினாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து பிஸ்கட் சில்லு பொறுக்கி, வெங்காய மூட்டை வலையில போட்டு, யூனிட் பின்னாடி ட்யூபுக்குக் கீழ, காத்துக்கு இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம்.

அந்தக் கோடை முழுக்க ஏசி நிக்கல. கரண்ட் பில்லும் கொறஞ்சிருக்குதுன்னு ஓனரே சொன்னார். எங்களை யாரும் வீட்டுக்குப் போகச் சொல்லல.

போன வருஷம் அந்த ரூமையே மூடிட்டாங்க. ஏசி நல்லாத்தான் இருந்தது... ஆர்டர்தான் இல்ல.

எனக்குத் துணிக்கடையில வேலை கிடைச்சது. அக்காவுக்குக் கிடைச்சது தோசைக்கல். "நெருப்பு முன்னாடி உங்களால ஆவாதுக்கா"ன்னேன். "வேற எங்கடி போறது, நீயே சொல்லு"ன்னாங்க.

இன்னிக்கு ஐஸ் பெட்டியில படுக்க வெச்சிருந்தாங்க. தகர ஷீட் போட்ட வீடு, உள்ள உட்கார முடியல. ஃபேன் அனலை அள்ளி வீசுது. வந்தவங்க எல்லாரும் முந்தானையால விசிறிக்கிட்டு வெளியில நின்னாங்க.

ஸ்டெல்லா மட்டும் பெட்டியை விட்டு நகரல. கண்ணாடி மேல கன்னத்தை வெச்சு அம்மா முகத்தையே பார்த்துட்டு இருந்தா. கொஞ்சம் தண்ணியாவது குடிம்மான்னு போய்க் கூப்பிட்டேன்.

"அம்மாவுக்கு இன்னிக்குத்தான் வேர்க்கல சித்தி."

நாளைக்குக் காலையில மாதா கோயில்ல பூசை, அப்புறம் அடக்கம். ஸ்டிக்கர் ரூம் ஆளுங்க யார் எங்க இருந்தாலும் வந்துடுங்க.

தூங்குங்கக்கா.