கோமளம் மாமியின் கப்பல் விதிகள்

மைசூரிலிருந்து மெட்ராஸுக்கு சதாப்தியில் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். வண்டி மாண்டியாவைத் தாண்டுவதற்குள் கோமளம் மாமி கப்பல் பயணத்துக்கான விதிகளைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அதற்கடுத்த சன்னபட்ணா வந்தபோது சாப்பாட்டு அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது.

மாமி எங்கள் அக்ரஹாரத்தில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். அறுபத்தாறு வயது, கணவர் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் சிங்கப்பூரில் இருப்பதால் ஒவ்வொரு முறை போகும்போதும் அங்கிருந்து ஒரு உல்லாசக் கப்பலில் ஏறி இறங்கி, இதுவரை நான்கு கப்பல் பார்த்தாயிற்று. நானும் என் மனைவி வேதவல்லியும் பார்த்தது ஒன்றுமில்லை. ரயில்வேயின் வணிகப் பிரிவில் வேலைக் காலம் முழுவதும் அடுத்தவர்களின் பயணத்துக்கு விதி சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பின் இன்னொருவர் எனக்கு விதி சொல்வது புது அனுபவம்.

"அறை கீழ்த்தளத்துல, நடுவாந்தரமா இருக்கணும். தொட்டிலுக்கு நடுவுல படுத்தா ஆடாது, ஓரத்துல படுத்தா ஆடும். ஸ்வல்ப காசு மிச்சம்கூட" என்றாள் மாமி.

"ஜன்னல் வேண்டாமா, மாமி?" என்று கேட்டாள் வேதவல்லி.

"ஜன்னல்ல என்ன தெரியப்போறது? தண்ணிதானே. அதை மேல போய் எல்லாரோடயும் சேர்ந்து பாத்துக்கலாம்."

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும். பெரிய பெட்டியைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு மாலைவரை தரமாட்டார்கள். மருந்தும் மாற்று உடையும் கைப்பையில் இருக்கவேண்டும். தண்ணீரில் விட்டுக் கொதிக்க வைக்கும் மின்கம்பிச் சுருளைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே அடுப்பில்லாமல், ஊறினால் போதும் என்கிற கொஜ்ஜவலக்கியை, அதாவது புளி அவலை, பொடித்து எடுத்துப் போகவேண்டும். வயிறு புரட்டினால் காலியாக விடக்கூடாது, வறட்டு ரொட்டியும் இஞ்சியும் தின்னவேண்டும். கப்பல் காபியைக் குடிக்கக்கூடாது. இதற்கு மாமி காரணம் சொல்லவில்லை, முகத்தைச் சுளித்தாள். முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்துத் தலைவனைப் பார்த்து வெங்காயம், பூண்டு, முட்டை கூடாது என்று சொல்லிவிடவேண்டும். இரண்டாம் நாள் சொன்னால் அது கோரிக்கை, முதல் நாள் சொன்னால் அது ஏற்பாடு. இந்த நுட்பத்தை என் அலுவலகத்திலேயே பலர் அறிந்ததில்லை.

புதன்கிழமை, சிங்கப்பூர்

மூன்று இரவுக்கு, கீழ்த்தளத்து உள் அறையில், தலைக்கு முந்நூற்று எண்பது சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் அன்றைய மதிப்புக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். மாமி எங்களைப் பகல் பன்னிரண்டுக்கு முன்பே முனையத்துக்கு இழுத்து வந்துவிட்டாள். கப்பல் புறப்படுவதோ மாலை ஐந்து மணிக்கு. கூட்டத்துக்கு முந்துகிறாள் என்று எண்ணினேன். அவள் இடது கையில் கட்டியிருந்த சின்னக் கடிகாரம் ஒன்பதரைகூடக் காட்டவில்லை. இந்திய நேரம்.

"மாற்றவில்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இன்னிக்கு ராகுகாலம் பன்னெண்டுலேருந்து ஒன்றரை. அதுக்கு முன்னாடியே ஏறியாகணும். நான் ராகுகாலத்துல கப்பல்படியில கால் வெச்சதே கிடையாது, ராகவன். நாலு கப்பலும் ஒரு ஆட்டம் ஆடாம போய்ட்டு வந்ததுன்னா சும்மனேவா?"

கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். இறங்கும்வரை கடவுச்சீட்டு கப்பல் அலுவலகத்தில்தான் இருக்கும். மாமியின் சர்க்கரை ஊசி மருந்து அறையிலிருந்த சிறிய குளிர்பெட்டிக்குள் போயிற்று. காலை ஒன்று, மாலை ஒன்று போட்டுக்கொள்கிறவள் அவள்.

வியாழக்கிழமை, நடுக்கடல்

சாப்பாட்டு மேசையில் எங்களுடன் கோலாலம்பூர்க்காரர் ஒருவர். தம்பிராஜா என்று பெயர், பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இது அவருக்குப் பதினோராவது கப்பல்.

"கீழ்த்தளமா எடுத்தீங்க?" என்றார் வருத்தத்துடன். "மேல்தளம் எடுக்கணும், முன்பக்கம். கடலுக்கு வந்துட்டு பாதாளத்துல படுக்கிறதா?"

"ஆடுமே" என்றாள் மாமி.

"ஆடுறதுக்குத்தானே அம்மா கப்பல்! ஆடக்கூடாதுன்னா வீட்டு நாற்காலி இருக்கே."

அவர் இரண்டாம் பந்தியை விரும்புகிறவர், மாமி முதல் பந்தி. மாமி சொந்தமாக வண்டி பிடித்து ஊர் சுற்றுகிறவள். அவர் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பேருந்தைத் தவிர எதிலும் ஏறாதவர். "விலை இரட்டிப்புத்தான். ஆனா அவங்க பேருந்து தாமதமானா கப்பல் நிக்கும். உங்க டாக்சி தாமதமானா கையாட்டிட்டுப் போயிரும்" என்றார்.

"ஒரு ஊரைப் பாக்க நாப்பது பேரோட போகணுமா? அதுக்கு எங்க ஊர்ல தசரா ஊர்வலம், ஜம்பு சவாரி இருக்கு" என்றாள் மாமி.

அனுபவசாலிகள் இருவரை ஒரே மேசையில் உட்கார வைப்பது கப்பல்காரர்களின் தவறு.

வெள்ளிக்கிழமை, பினாங்கு

காலை எட்டரைக்குக் கரை சேர்ந்தோம். பகல் இரண்டு மணிக்குள் எல்லோரும் ஏறிவிடவேண்டும், இரண்டரைக்குக் கப்பல் புறப்படும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்லிற்று. துறைமுக வாசலில் மாணிக்கம் என்கிற டாக்சிக்காரர் தமிழ்முகம் பார்த்து வந்தார். ஐம்பது மலேசிய வெள்ளி கேட்டார், நாற்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டார்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீதிகள், கடற்கரைக் கோட்டை, ஒரு பாம்புக் கோயில். பாம்புகள் அகர்பத்திப் புகையில் கிறங்கிக் கிடந்தன. எங்கள் பழைய அலுவலகத்தின் பிற்பகல்கள் நினைவுக்கு வந்தன. பிறகு மாமி ஒரு பெருமாள் கோயில் வேண்டும் என்றாள். ஊருக்கு வெளியே, துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் சிறியதாக ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமையாதலால் திருமஞ்சனம் நடந்துகொண்டிருந்தது. திரை விலகித் தீர்த்தம் வாங்கியபோது ஒரு மணி தாண்டிவிட்டது.

வாசற்படியருகே வந்த மாமி கடிகாரத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தூணோரம் உட்கார்ந்தாள்.

"ராகுகாலம் ஆரம்பிச்சுடுத்து. வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு. அது முடிஞ்சு கிளம்பலாம்."

இந்தியாவில் பன்னிரண்டு என்றால் பினாங்கில் இரண்டரை. கப்பல் புறப்படும் நேரம்.

மாணிக்கம் உள்ளே வந்து விவரம் கேட்டுச் சிரித்தார். "அம்மா, நம்ம ஊரு காலண்டர்லயும் பத்தரை பன்னெண்டுதான். அது எப்பவோ முடிஞ்சிருச்சு லா!"

"அது உங்க ராகு" என்றாள் மாமி. "நான் மைசூர்லேருந்து கிளம்பினவ. வீடு திரும்பற வரைக்கும் எனக்கு அந்த ஊர்க் கணக்குதான்."

விதி என்று வந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இருவருமே தவறு என்றேன். ராகுகாலம் நாம் நிற்கிற ஊரின் சூரிய உதயத்தைக் கொண்டு கணக்கிடவேண்டியது. இங்கே உதயம் ஏழு இருபத்தைந்துக்கு என்று காலையில் கப்பல் பலகையில் எழுதியிருந்தார்கள். பகலை எட்டாகப் பிரித்தால் நாலாவது பங்கு ஒன்று இருபதுக்கு முடிகிறது. கால் மணி நேரம் பொறுத்தால் போதும்.

"அப்போ மூணு ராகுவா?" என்றார் மாணிக்கம். "ஒன்னே கால்ல மசூதித் தொழுகை வேற. அந்த ரோட்டுல கார் நகராது, ஐயா. இப்பவே கிளம்புனாத்தான் கப்பலு."

"நீங்க போங்கோ, ராகவன்" என்றாள் மாமி. குரலில் பிடிவாதம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "எங்காத்துக்காரர் காலமான வருஷம், அவரை அழைச்சுண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறச்சே, ராகுகாலம் முடியட்டும்னேன். டாக்டர் போயிடுவார்னு எல்லாரும் அவசரப்படுத்தினா. கிளம்பினோம். அவர் திரும்பி வரலை. அப்புறம் நான் அந்த நேரத்துல எங்கயும் கிளம்பறதில்லை."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடவுச்சீட்டு கப்பலில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு பகல் இறங்க அனுமதிக்கும் அட்டை மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம். மருந்து அறைக் குளிர்பெட்டியில். கப்பல் போய்விட்டால் முகவர், குடியேற்ற அலுவலகம் என்று அலையவேண்டும், நாளை முதல் திங்கள்வரை அவையும் திறக்காது. ஒவ்வொன்றுக்கும் மாமி தலையாட்டினாள், ஒப்புக்கொள்வதுபோல. எழுந்திருக்கவில்லை.

பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் தம் பொருள் ஒன்றை முன்கூட்டியே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கொள்வது நம் வழக்கம். "மாமி, உங்கள் செருப்பு, கோயிலுக்கு வந்த பதினொன்றரையிலிருந்து காருக்குள் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி அது ராகுகாலத்துக்கு முன்பே போனது. பரஸ்தானம் ஆகிவிட்டது."

"செருப்பையா பரஸ்தானம் வைப்பா? நன்னாருக்கு! வஸ்திரம் வைக்கணும், அரிசி வைக்கணும். ரயில்வேல அப்படித்தானா?"

மாணிக்கம் கார்ச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்று இருபது தாண்டியது. என் ராகு முடிந்துபோனான், யாரும் கவனிக்கவில்லை.

வேதவல்லி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, நீங்க கிளம்புங்கோ. மாமியோட மருந்தை எடுத்து யார்கிட்டயாவது துறைமுகத்துல கொடுத்துடுங்கோ. நான் இங்க இருக்கேன்."

"பைத்தியமா நீ?" என்று கேட்டது நானில்லை, மாமி.

"சாயந்திரம் ஊசி போட்டுக்கறச்சே பக்கத்துல ஆள் வேண்டாமா? தெரியாத ஊர்ல உங்களைத் தனியா விட்டுட்டு நான் போய்ப் பந்தியில உக்காந்து சாப்பிடணுமா?"

"அவர் ஒரு பக்கம் நீ ஒரு பக்கமா? சமுத்திரத்துக்கு ரெண்டு கரையிலயா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்டி. எழுந்திரு."

"நீங்க எழுந்தா எழுந்துக்கறேன்."

மாமி பெருமாள் இருக்கிற திசையைப் பார்த்தாள், வேதவல்லியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படி தாண்டும்போது வேதவல்லியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்திய தடம் மாலைவரை இருந்தது.

மாணிக்கம் மசூதிச் சாலையை விட்டுவிட்டு மீன்சந்தை வழியாக, வண்டிகள் போகக்கூடாத ஒரு சந்தில் புகுந்து, துறைமுக வாசலில் ஒன்று ஐம்பத்தெட்டுக்கு நிறுத்தினார். சொன்ன நாற்பத்தைந்தை வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவை வியாழக்கிழமை வாங்க, அம்மா" என்றார். கப்பல்படியின் முன் மாமி ஒரு கணம் நின்றாள். சீருடைப் பையன் கையை நீட்டினான். கண்ணை மூடிக்கொண்டு வலதுகாலை வைத்தாள். மேல்தளத்தில் தம்பிராஜா எங்களுக்காகக் கைக்குட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். கப்பல்காரர்களின் கடைசிப் பேருந்து தாமதமாக வந்ததால் இரண்டரைக் கப்பல் மூன்று மணிக்குத்தான் நகர்ந்தது.

அன்று மாலை கடல் ஆடியது. அதிகமில்லை, மேசையில் தண்ணீர்க் குவளை சற்று நகர்ந்தது. மாமி என்னைப் பார்த்தாள். நான் இஞ்சியை எடுத்துக் கொடுத்தேன். ஊசி போட்டுக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டாள்.

மேல்தளத்தில் வேதவல்லியிடம் கேட்டேன். "மாமியைக் கிளப்பத்தானே அப்படிச் சொன்னாய்?"

"எதை?"

"இருக்கிறேன் என்றதை."

"இல்லையே" என்றாள், கடலைப் பார்த்தபடி.

சனிக்கிழமை, மீண்டும் சிங்கப்பூர்

எங்கள் ஊரில் ஓடுகிற பேருந்தை நோக்கி ஒரு மாமி கையை உயர்த்தினால் நடத்துநர் வைதுகொண்டே மணியடித்து நிறுத்துவார். கப்பலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பெரிய வாகனங்களுக்கு மனிதர்கள் சிறியவர்களாகத் தெரிவார்கள் போலும். மற்றபடி வசதி, சுத்தம், உணவு எதிலும் குறை சொல்வதற்கில்லை. காபியைப் பற்றி மாமி சொன்னது சரி.

இறங்குவதற்கான வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு கோயமுத்தூர்த் தம்பதி. அடுத்த வருடம் பெற்றோரை இதே கப்பலில் அனுப்பப்போகிறார்களாம். மாமி நாலைந்து கப்பல் பார்த்தவள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு யோசனை கேட்டார்கள். மாமி கீழ்த்தளம், நடு அறை, கைப்பையில் மருந்து, முதல் நாளே சமையல் ஏற்பாடு என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியாக ஒன்று சேர்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பினாங்கு போற கப்பலை மட்டும் எடுக்காதேங்கோ. வேற எந்தக் கிழமையானாலும் ஒள்ளேது, நல்லதுதான். அப்புறம் வயசானவாளைத் தனியா அனுப்பாதேங்கோ. கூட ஒருத்தர் இருக்கணும். காசு செலவானாலும் பரவாயில்லை."

அந்தப் பெண் பயபக்தியுடன் தலையாட்டினாள். வேதவல்லி மாமியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது.