அக்காவுக்கு நான் போட்ட காவல்

அக்காவின் மரண அறிவித்தலில், பிறந்த ஊர் நீர்வேலி, வாழ்ந்த இடம் மெல்பேர்ன் என்று ஒரே வரியில் போட்டுவிட்டோம். அறுபத்தாறு வருடத்தை அந்த ஒரு வரிக்குள் அடக்கியது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் வெளியிடுவோம், அக்காவைப் பற்றி நீர்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொன்னபோது, நல்லதை மட்டும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "எழுதும், எழுதும். உம்மை ஆர் தடுத்தது" என்றார். ஆகவே உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான். செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுத எனக்கு வராது.

அக்கா எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. எனக்கு நான்கு வயது மூத்தவர். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம் இருந்ததால் பன்னிரண்டு வயதிலேயே அக்கா குசினிக்குள் போய்விட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையல் பழகினார். அந்தத் தையல் மெஷினில்தான் நான் பல்கலைக்கழகம் வரை போனேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் வைத்த குழம்பு பிழைத்தால் மட்டும் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

அத்தானைக் கலியாணம் செய்து, மகனும் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்னுக்கு வந்தார்கள். மல்கிரேவில் இரண்டு அறை வீடு. அக்கா ஒரு தையல் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்தார். என் கணவர் காலமான பிறகு, "அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறாய்" என்று என்னையும் கூப்பிட்டு எடுத்தார். மகன் படித்து முடித்து, பரமட்டாவில் வேலை கிடைத்துச் சிட்னிக்குப் போனதும், அக்காவும் அத்தானும் மல்கிரேவ் வீட்டை விற்றுவிட்டுப் பக்கன்ஹாமுக்கு அப்பால் ஐந்து ஏக்கர் காணி வாங்கினார்கள். மூன்று பேருக்கும் வயது போன காலத்தில் இது என்ன விசர் என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு என் பெட்டியையும் கட்டிக்கொண்டு கூடவே போனேன்.

அந்தக் காணியில் மார்ச் முதல் மே வரையான இலையுதிர்காலம்தான் அக்காவின் காலம். உறைபனி விழ முன்னம் தக்காளி முழுவதையும் பிடுங்க வேண்டும். பூசணிக்காயைக் காம்போடு வெட்டி, தோல் இறுக விறாந்தையில் அடுக்க வேண்டும். கிழங்கு கிண்ட வேண்டும். உள்ளிப்பூண்டு நட வேண்டும். மிளகாயை உள்ள வெயிலில் காயவைத்து, வெளியில் அடுப்பு மூட்டித் தூளுக்கு வறுக்க வேண்டும். ஒருமுறை புகையைக் கண்டு பயந்து அயலவர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். வந்த நான்கு பேரும் தும்மிக்கொண்டே நின்றார்கள். அக்கா அவர்களை இருத்தி வைத்துச் சோறும் பூசணிக்காய்ப் பால்கறியும் கொடுத்துத்தான் அனுப்பினார். பின்னேரமானால் கம்பளி நூலை எடுத்துவிடுவார். குளிருக்கு முன்னம் தெரிந்தவர் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தொப்பி பின்னி முடித்துவிட வேண்டும்.

2009ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தை எங்களில் எவரும் மறக்க மாட்டோம். ஊரிலிருந்து செய்தி வரும், வராது என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்த மாதங்கள். எவருக்கும் எதுவும் செய்ய ஏலாமல் இருந்தது. அக்காவின் கால் வீங்கியிருந்ததை அவரும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் போனேன். எனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள். மகன் தருகிறேன் என்று சிட்னியிலிருந்து வந்து நின்றான். அக்கா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "உன்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. வந்தனி, சாப்பிட்டிட்டுப் போ" என்றார். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்து அழுதான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் ஒரு இளம் பெண் எங்களிடம் ஒரு தாளைத் தந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும், ஆகவே இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல். வாழைப்பழம், தக்காளி, பூசணி, கீரை, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், தேங்காய்ப்பால், பருப்பு. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக்கொண்டு போனேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட தோட்டத்தை வந்து பாத்திட்டோ எழுதினவை?" என்று கேட்டார். உண்மையில் உள்ளியையும் மிளகாயையும் விட்டால், அந்தத் தாளில் இல்லாத எதுவும் எங்கள் தோட்டத்தில் இருக்கவில்லை.

கிழங்குக்கு மட்டும் ஒரு வழி சொன்னார்கள். தோல் சீவி, மெல்லியதாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்ற வேண்டும். மிஞ்சுவதைக் கொஞ்சம் சாப்பிடலாம். தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். அன்றிலிருந்து குசினி என் கையில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வருடம் பார்த்தேன். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன். அதில் உங்களில் பலருக்கு என்மேல் மனவருத்தம் என்று தெரியும். அக்கா எனக்குப் பொலிஸ்காரி என்று பெயர் வைத்தார். "பொலிஸ்காரி வாறா, வாயைத் துடையுங்கோ" என்று என் காதுபடவே அத்தானிடம் சொல்லுவார்.

அக்கா சமைப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. நிறுத்த ஏலாது. தான் தொடக்கூடாத எல்லாவற்றையும் வருகிறவர்களுக்கு அவர்தான் சமைத்தார். ருசி பார்க்க முடியாததால் என் கையில் ஊற்றி, "உப்பு எப்பிடி?" என்று கேட்பார். சரி என்றால் நம்ப மாட்டார். "உன்ர நாக்கு கணக்கு வாத்தியின்ர நாக்கு. அதுக்கு எல்லாம் சரிதான்" என்பார். பிறகு கரண்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துத் தானே தீர்மானிப்பார். ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, என் இரண்டு தண்ணீர் கண்ட கிழங்கோடு மேசையின் கரையில் இருப்பார். அதைப் பார்க்க ஏலாமல் அத்தான் தன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி விறாந்தைக்குப் போய்விடுவார்.

டயலிசிஸ் கதிரையில் நான்கு மணித்தியாலம் இடக்கையை அசைக்கக்கூடாது. பின்ன முடியவில்லை என்பதுதான் அக்காவுக்குப் பெரிய தொல்லை. கடைசியில் என்னைப் பக்கத்தில் இருத்தி, இடப்பக்கப் பின்னல் ஊசியை என் கையில் தந்துவிட்டார். வலக்கை அவருடையது, இடக்கை என்னுடையது. எனக்குப் பின்னல் அறவே தெரியாது. "பிடி. விடு. விடச் சொன்னனோ? பிடி" என்று ஒரே ஏச்சு. தாதிமார் வந்து நின்று சிரிப்பார்கள். அப்படி இரண்டு பேரும் பின்னிய தொப்பிகள் எல்லாம் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். உங்கள் வீட்டுக் குழந்தைகள் அதைப் போட்டிருந்தால் காரணம் இதுதான்.

சனிக்கிழமைகளில் நான் போவதில்லை. மல்கிரேவில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் இருந்தது. அன்றைக்கு அத்தான் மட்டும் கூட்டிக்கொண்டு போவார்.

மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. நான் முடிவுகளை ஒரு கொப்பியில் வரைபாகக் கீறி வைத்தேன். பொட்டாசியம் இருக்க வேண்டிய அளவை விட எப்போதும் ஒரு துளி கூடித்தான் நின்றது. ஆபத்து இல்லை என்று வைத்தியர் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. எங்கே பிழைக்கிறேன் என்று இருந்து யோசித்தேன். சோற்றைக் குறைத்தேன், பாலை நிறுத்தினேன், கிழங்கை மூன்று தண்ணீராக்கினேன். அக்கா வாயில் வைத்துவிட்டு, "இதில இனிக் கிழங்கும் இல்லையடி" என்றார். அப்போதும் வரைபு இறங்கவில்லை. எனக்கு அக்காவின் மேலேயே கோபம் வந்தது. நான் இவ்வளவு பாடுபட, உங்கள் உடம்பு ஏன் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நொந்துபோனார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன வருடம் ஏப்ரலில் இதயம் பலவீனமாகிவிட்டது. மெஷினைத் தொடுத்தாலே மயங்கினார். மூன்று தரம் அப்படி நடந்த பிறகு, டயலிசிஸ் இனி உதவியை விட உபத்திரவமாகத்தான் இருக்கும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். முடிவை அக்காவிடமே விட்டார்கள். "வீட்ட போவம்" என்றார் அக்கா. நான் வாதாடினேன். வேறு மருந்து இருக்கும், இன்னொருவரிடம் கேட்போம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை, எனக்குக் களைச்சுப் போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, பராமரிப்புத் தாதி ஒருவர் வந்தார். அக்காவைப் பார்த்துவிட்டுக் குசினிக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளைக் கண்டார். இனி இது தேவையில்லை, அவருக்கு விருப்பமான எதையும் கொடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. ஏன் கொடுக்கலாம் என்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கொடியில் கிடந்த கடைசித் தக்காளி, விறாந்தைப் பூசணிக்காய், கீரை, புதிதாகக் கிண்டிய கிழங்கு எல்லாம் எடுத்தேன். முருங்கைக்காயும் வாழைப்பழமும் கடையிலிருந்து அத்தான் வாங்கி வந்தார். மத்தியானத்துக்குள் பால்கறி, கீரைக்கடையல், சொதி, கிழங்குப் பிரட்டல் எல்லாம் முடித்தேன். அக்காவைக் கதிரையில் இருத்திக் கொண்டுவந்தோம். மேசையைப் பார்த்தார். "என்ன, கலியாண வீடோ?" என்றார். கிழங்கைத்தான் முதலில் கேட்டார். ஒரு துண்டை வாயில் வைத்து நெடுநேரம் மென்றார்.

"தண்ணியில போட்டு எடுத்தனியோ?"

போட்டிருந்தேன். சீவி, மெல்லியதாக வெட்டி, ஊறவைத்து ஊற்றி, அவித்து ஊற்றி, எல்லாம் செய்திருந்தேன். மனம் அறியாமல் கை செய்துவிட்டது. தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கலாம், உப்புப் போடலாம் என்ற நாளில், சாரம் எல்லாவற்றையும் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுச் சக்கையைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்திருந்தேன்.

"தெரியாமப் போட்டிட்டன் அக்கா. கை தன்பாட்டில செய்திட்டுது" என்று அழுதேன்.

"விடு பிள்ளை. நாளைக்குச் சமைக்கலாம்தானே" என்றார். மற்றக் கறிகளில் கை வைக்கவில்லை. எல்லாம் இரும்பு மணக்கிறது என்றார். டயலிசிஸை நிறுத்தினால் வாய் அப்படித்தான் ஆகும் என்று தாதி பிறகு சொன்னார்.

அடுத்த நாள் விடிந்ததும் சமைத்தேன். தோலோடு அவித்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல், முதற்பால் விட்டு, அக்கா எப்படி வைப்பாரோ அப்படி வைத்தேன். அதுதான் என் வாழ்நாளில் சரியாக வந்த ஒரே கறி. அக்கா அரைத் தூக்கத்தில் இருந்தார். கரண்டியை உதட்டில் வைத்தேன். உதடு திறக்கவில்லை. முகத்தைத் திருப்பி, "காணும்" என்றார். அதன் பிறகு அவர் எதையும் சாப்பிடவே இல்லை. ஐந்து நாள் கழித்து, மகன் காலடியில் இருக்க, அத்தான் தலையைத் தடவிக்கொண்டிருக்க, அக்கா எங்களை விட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனம் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற என் பக்கத்தில் அத்தான் வந்து நின்றார். "உம்மட்ட ஒண்டு சொல்லோணும். கோவிக்காதையும்" என்றார். மூன்று வருடமும் சனிக்கிழமைகளில், மெஷின் தொடுத்த கையோடு, அக்காவுக்கு வாழைப்பழம் கொடுத்திருக்கிறார். காரில் ஒளித்துக் கொண்டுபோவாராம். பாதி அக்காவுக்கு, பாதி தனக்கு. "முழுசாக் குடுக்கப் பயமாயிருந்தது. இரத்தத்தில காட்டினா நீர் கண்டுபிடிச்சிடுவீர்" என்றார்.

நான் கையைத் துடைத்துவிட்டு என் அறைக்குப் போனேன். மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. என் வரைபு இறங்காத காரணம் அதுதான். அதற்காகத்தான் நான் கிழங்கை மூன்று தண்ணீரில் போட்டேன். அந்தப் பாதிப் பழம் அக்காவின் ஆயுளில் ஏதும் குறைத்ததோ என்று எனக்குத் தெரியாது. என் காவல் ஏதும் கூட்டியதோ என்றும் தெரியாது. இதை எந்த வைத்தியரிடம் கேட்டாலும் விடை வராது. கேட்டுப் பார்த்தேன்.

அக்காவை முகம் கோணாமல் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், தூரம் பாராமல் வந்து கிரியைகளுக்குச் சமைத்துத் தந்த மல்கிரேவ் நண்பர்களுக்கும், சிட்னியிலிருந்து மாதந்தோறும் வந்து போன மகனுக்கும் எங்கள் நன்றி. நான் வாசலில் மறித்து வாங்கி வைத்த பலகாரங்களுக்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அத்தான், உங்களுக்கு நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு அந்தப் பழத்தைக் கொடுத்ததற்கு நன்றி. அதையும் ஏன் பாதியாக முறித்துக் கொடுத்தீர்கள் என்பது மட்டும்தான் இப்போது எனக்கு உங்கள்மேல் கோபம்.