செத்துப்போன சமையல்காரர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் சிவகிரி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு பூ வியாபாரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் காலிப் பூக்கூடை, மூக்கு நுனியில் கண்ணாடி. செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் தள்ள ஒவ்வொரு முறையும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சீனாக்காரன் மாயாஜாலக் கதை, அண்ணாச்சி. தமிழ்ல மாத்தி தினம் ஒரு அத்தியாயம் போடுதான். கதை ஆளை விடாது. மொழிபெயர்ப்புதான் சோத்துல கெடக்க கல்லு மாதிரி."

"அவ்வளவு மோசமா?"

"ராஜகுமாரனோட சமையல்காரர் டிராகன் நெருப்புல செத்துட்டாரு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. அப்புறம் மொழிபெயர்க்கிற ஆளு மாறிட்டான். புது ஆளு பேரைக் குழப்பிட்டான். செத்த மனுஷன் வந்து கஞ்சி ஊத்துதாரு. 'இன்னும் கொஞ்சம் குடி'ங்காரு."

"தப்புன்னு யாரும் சொல்லலையா?"

"நான்தான் கமெண்ட்ல எழுதுனேன். மறுநாளே திருத்திட்டான். இப்ப வேற எவனோ கஞ்சி ஊத்துதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சும்மா இருந்திருக்கலாம்லா?"

பிழையைத் திருத்தியது நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் மறுபடியும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

அந்தக் கதையை நான் படித்ததில்லை. பிழை நல்லதா, திருத்தம் நல்லதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வீட்டில் கஞ்சி ஊற்றும்போதெல்லாம், அந்தச் சமையல்காரர் இருந்திருக்கலாமே என்று தோன்றிவிடுகிறது.