கரையில் நின்று கூப்பிடும் பாட்டு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் மாமாவுக்கு ஸ்கொட்லாந்துப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. அம்மாவின் தம்பி அவர். ஊரில் போர் முடிந்தபிறகு தனியே ஜேர்மனிக்கு வந்து, எசன் நகரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கடைசிச் சண்டையில், ஓடுகிற சனத்துக்குள் மாமியின் கை அவர் கையிலிருந்து விலகிப் போயிருக்கிறது. அதன்பிறகு மாமி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் மட்டும் "மாமி பிறகு வருவா" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மாமா கோப்பை கழுவிய கபேயில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் வயதான ஸ்கொட்லாந்துப் பெண்மணி ஒருவர் கித்தாருடன் பாடுவார். அநேகமாக எல்லாப் பாட்டிலும் யாராவது சாவார்கள். அரைகுறை ஆங்கிலம் தெரிந்த மாமா அவற்றைக் கைபேசியில் பதிந்துவந்து திரும்பத் திரும்பக் கேட்பார்.

"தம்பி, உந்தச் செத்தவீட்டுப் பாட்டை நிப்பாட்டு" என்பார் அம்மா.

"அழுறதுக்கும் என்ன வடிவா மெட்டுப் போட்டிருக்கினம் அக்கா" என்று மாமா இன்னும் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். அவருக்கு அன்று லீவு. வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். அவருக்கு மிகவும் பிடித்த பாட்டில், மீன்பிடிக்கப் போன ஜேமி திரும்பி வரவில்லை. மனைவி கரையில் நின்று கூப்பிடுகிறாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் பாடகி "ஜேமி" என்று இழுக்க, கபே முழுவதும் திருப்பிக் கூப்பிட்டது. கேக்கை விழுங்கிவிட்டு நானும் கத்தினேன்.

கடைசி அடிக்கு முன் பாடகிக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்தபடி, பாடும்படி மாமாவுக்குக் கைகாட்டினார். மாமா எழுந்தார். சொற்களில் பாதி பிழை, மெட்டு மட்டும் பிசகவில்லை. ஜேமி வரவேண்டிய இடத்தில் "கோமதி" என்று பாடினார்.

எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு நல்ல பிள்ளைகளாக "கோமாட்டி" என்று திருப்பிக் கூப்பிட்டார்கள். மாமா இன்னொரு தரம் பாடினார். அவர்களும் இன்னும் பலமாகக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மாமா வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும் திராம் வண்டியில் "ஆர் மாமா கோமதி?" என்று கேட்டேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ஜேர்மன்காரரின் "கோமாட்டி" உட்பட எல்லாவற்றையும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் கையாலேயே என் வாயைப் பொத்தினார்.

"அது மாமியின்ரை பேர்."

மாமிக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா வெளிக்கிடவில்லை. பாட்டுகளையெல்லாம் கைபேசியிலிருந்து அழித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"பாட்டுக்குப் போகேல்லையோ மாமா?"

"கூப்பிட்டுப் பாத்தாச்சுப் பிள்ளை" என்றார்.

கைபேசியில் கோல் எடுத்திருக்கிறார், மாமி பதில் சொல்லவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "நாளைக்கு இன்னொருக்கா எடுத்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.