தளிர்க்கும் என்று வெட்டிய பைன்

அக்னெஸ் அக்காவைப் பற்றிக் கதை எடுத்தாலே எனக்கு அவருடைய தம்பி றெக்ஸின் மேல் பற்றிக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் என் மேலும் வரும்.

அக்கா மன்னார், பேசாலை ஆள். எண்பத்தொன்பதில் மொன்றியலில் தனியாக வந்து இறங்கினார். பகலில் செயின்ட்-மிஷேலில் தையல் தொழிற்சாலை, பின்னேரம் அலுவலகங்களில் கக்கூஸ் கழுவுகிற வேலை. கலியாணம் கட்டவில்லை. தம்பியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு, பிரெஞ்சு படிக்க வைத்து, கார் ஓடவும் பழக்கினார். இவ்வளவு செய்த மனுசிக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கிளீனிங் அக்னெஸ்'. பூசை கண்டு நன்மை அப்பம் வாங்கின வாய்களே அப்படிச் சொன்னன. கொஞ்சமும் கூசவில்லை!

தொண்ணூற்றொன்பதில் பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கினார். வாசலில், கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பைன். இந்த நாட்டுக் காட்டிலேயே முளைக்கிற மரம். பிசின் ஒழுகும், ஊசியிலை கொட்டும், இந்த வீடு வேண்டாம் என்று கூட வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்கா குசினியைக்கூடப் பார்க்கவில்லை. கீழே கிடந்த காயொன்றை எடுத்தார். ஒரு சாணுக்குக் கிட்ட நீளம், செதில் செதிலாக விரிந்திருந்தது. "இந்த வீடுதான்" என்றார்.

அந்த வருடம் கிறிஸ்து பிறந்த நத்தாருக்குக் கோயிலில் பாலன் குடிலின் மலையை அந்தக் காய்களாலேயே கட்டினார். மற்ற வருடங்களில் அது கசக்கின மண்ணிறக் கடதாசி. சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அன்றிலிருந்து அவர் 'குடில் அக்னெஸ்'. அந்தப் பெயர் ஒன்றுதான் இந்த நாட்டில் அவர் தானாகச் சம்பாதித்த மரியாதை.

பைன் எல்லா வருடமும் நன்றாகக் காய்க்காது. பிஞ்சு முற்ற இரண்டு கோடை வேண்டும், அதுவும் உச்சிக் கொப்புகளில்தான் தொங்கும். மூன்று வருடம் ஏமாற்றிவிட்டு, இரண்டாயிரத்து ஆறில் உச்சி முழுக்கப் பச்சைக் காய். இந்த முறை குடிலின் கூரையும் காயால்தான் என்று அக்கா சுவாமியாரிடம் சொல்லிவிட்டார். காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்னக்கா, எண்ணி முடிஞ்சுதோ?" என்று ஜன்னலால் பகிடி பண்ணுவேன்.

"கண்படும், மலர். வாயை மூடு!" என்பார்.

ஓகஸ்டில் அக்கா ரிகோவுக்கு மாதா திருவிழாவுக்குப் போனார். அதே வீட்டில் இருந்த றெக்ஸ் போகவில்லை. புதுக்கார் வாங்கியிருந்தான்.

"மலரக்கா, ஏணி இருக்கோ? இந்தப் பிசின் என்ர காரை நாசமாக்குது. பைனை மட்டமா வெட்டி விடப் போறன்."

"அக்கா பேசுவாவடா."

"எங்கட பூவரசு வெட்டினாத் தளிர்க்கேல்லையோ? முருங்கை தளிர்க்கேல்லையோ? இதுவும் தளிர்க்கும்."

கொப்பை வெட்டி வேலிக் கதியாலாக நட்டால் அதுவும் தளிர்க்கிற ஊரில் வளர்ந்தவள் நான். "ஓம், தளிர்க்கும்தான்" என்று சொல்லி ஏணியையும் தூக்கிக் கொடுத்தேன். மடைச்சி! பச்சைக் கொப்பு ஒன்றுகூட இல்லாமல் நறுக்கினால் பைன் செத்துப்போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை.

அவனும் ஒரு சிநேகிதனும் ஆளுயரத்துக்கு மொட்டைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். பின்னேரம் அக்கா தீர்த்தப் போத்தலோடு வந்து இறங்கினார். அழவில்லை. குனிந்து பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலை மடியில் போட்டார்.

"தளிர்க்கும் அக்கா. மலரக்காவும் சொன்னவ" என்றான் றெக்ஸ்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நாலு தூசணம் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முற்றாமல் அறுத்த காய் விரியவே இல்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தும் மூடியபடியே சூம்பியது. அக்கா அதையே கொண்டுபோய்க் குடிலில் அடுக்கினார். நத்தார்ப் பூசை முடிய, கேக் தின்னப் போன நானும் அங்கே நின்றேன்.

"என்ன அக்னெஸ், இந்தமுறை இப்பிடிச் சூம்பிப்போய்க் கிடக்கு?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"என்ர தம்பியைக் கேளுங்கோ!" அக்காவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "அவன்ர காரில பிசின் பட்டிட்டுதாம். அவனைக் கூப்பிட்டு ஆளாக்க, பதினேழு வருசமா என்ர கையில என்ன என்ன பட்டது எண்டு ஒருநாள் கேட்டவனோ?"

றெக்ஸ் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த மாதம் லவாலுக்கே குடிபோய்விட்டான்.

வசந்தம் வந்தது. கட்டையில் ஒரு துளிர் இல்லை. என் ஏணி, மரம் வெட்டிய அன்று அக்கா வீட்டுச் சுவரில் சாத்திய இடத்திலேயே நின்றது. கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியைத் துப்புரவாக்க வேண்டுமென்று ஏணியைப் போய்க் கேட்டேன்.

"தளிர்க்கட்டும், பேந்து எடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

இரண்டு வருடமாகிறது. ஏணி இன்னும் அங்கேதான் நிற்கிறது.