புளி விலக்கிய தவக்காலம்

கேரளத்து ஏலப்பாறையில் தேநீர் குடிக்காமல் இருப்பது ஒரு குற்றம் மாதிரி. யார் வீட்டுக்குப் போனாலும் பால் ஊற்றாத கட்டன்சாயாவை நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் சுண்டிவிடுகிறது. கதவைத் திறந்தால் தேயிலை, நான் குடிப்பதோ சீரக வெந்நீர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த எஸ்டேட் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இந்த மலை எனக்குக் கொடுத்த ஒரே மரியாதை, கோவிலில் தமிழ்ப் பாட்டை முன்னின்று பாடும் இடம். அதையும் என் வயிற்றுப் புளிப்பே தொண்டைக்கு ஏறிவந்து பிடுங்கப் பார்த்தது.

போன வருடத் தவக்காலம். தமிழ்க்காரர்கள் நாங்கள் பகலெல்லாம் ஒருசந்தி இருந்து, கட்டன்சாயாவிலேயே பொழுதை ஓட்டி, சிலுவைப்பாதை முடிந்து வந்து புளிக்குழம்பும் சோறுமாக ஒரு பிடி பிடிப்போம். உண்ட களைப்பில் உடனே படுக்கை. எனக்குக் குரல் கரகரத்தது. மலையாளி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ஆசிட் மேலே ஏறுகிறது என்றார்.

"ராத்திரி எந்தா கழிக்குன்னே?" என்று என் ராச்சாப்பாட்டை விசாரித்தார்.

"நோம்பு சார். இறைச்சி, மீனு எதுவும் தொடுறதில்ல."

"நல்லது. அங்ஙனெ தன்னெ போட்டெ." அப்படியே தொடரட்டும் என்றுவிட்டார்.

நோன்பு என்றால் அவருக்குக் கஞ்சியும் பயறும். எங்களுக்குப் புளி இல்லாமல் ஏது நோன்பு? டாக்டரே சொல்லிவிட்ட தெம்பில் தினமும் கரைத்து ஊற்றினேன். பெரிய வெள்ளியன்று முதல் வரியிலேயே குரல் உடைந்தது. பாடகர் குழுவின் லிஸ்ஸி சேச்சி மலையாளத்தில் எடுத்துப் பாடி முடித்தாள். அடுத்த வருடமும் இப்படியென்றால் எல்லாமே மலையாளத்தில் போதும் என்று பங்குச் சாமியார் அச்சன் சொல்லிவிட்டார்.

மறுபடி போய்ப் புளிக்குழம்பைச் சொன்னதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தேநீர், புளி, தக்காளி, மிளகாய் எல்லாம் நின்றன. பொழுது சாயும் முன்பே சாப்பாடு, மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. இதையெல்லாம் மனுஷன் தின்பானா என்று நான் ஏளனம் செய்த, இந்த ஊர்ச் சிவப்பு மட்டையரிசிக் கஞ்சிதான் கடைசியில் எனக்குக் கதி. முதல் வாரம் தட்டின் முன் உட்கார்ந்து அழுதேன். "பாட்டுக்காவ நாக்க அறுத்துப் போட்டுட்டியேட்டி" என்றார் என் வீட்டுக்காரர் சூசை.

இந்த வருடப் பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலையும் தமிழில் பாடினேன். முடிந்ததும் கோவில் முற்றத்தில் வழக்கம்போல் கஞ்சியும் பயறும் விளம்பினார்கள். எந்த வருடமும் அதைத் தொடாமல் வீட்டுக்கு நடப்பவள், முதல் ஆளாய் வரிசையில் நின்றேன். "இப்போ நீ ஞங்ஙளுடெ ஆளாயி" என்று லிஸ்ஸி சேச்சி தோளில் தட்டினாள். எங்கள் ஆளாகிவிட்டாய் என்று பாசமாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "பாட்ட போன்ல கேட்டேன்ட்டி, கணீர்னு இருந்துச்சு. நம்ம ஊருப் புளி தின்ன தொண்டையில்லா! சாப்ட்டியா? என்ன சாப்பாடு?"

கஞ்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "புளிக்குழம்பும் சோறும்" என்றேன். குரல் கரகரக்கவே இல்லை.