கீழ்க்கோடுதான் தடித்த கம்பி

பன்னிரண்டாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு சாவகாசமாக டீ குடிக்கிறவர் அந்த லிஃப்ட்காரர். முப்பது வருடமாகப் பழுது பார்க்கிறார். அவர் பயந்தது ஒன்றுக்குத்தான்: மனைவியின் பக்கத்தில் சும்மா உட்கார.

மனைவி கிட்டார் சொல்லிக்கொடுத்தவர். இசைப்பள்ளி லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை இவர் வெளியே எடுத்ததில் தொடங்கிய கல்யாணம். வீட்டிலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். பக்கவாதத்தில் டீச்சருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நான் பகல்நேரப் பராமரிப்புக்குச் சேர்ந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊட்டினால் விழுங்குவார்; மற்ற நேரமெல்லாம் ஜன்னலையே பார்ப்பார். என் நோட்டில் தினமும் ஒரே வரி: 'அழைத்தால் பதில் இல்லை.' அடுத்த பரிசோதனைக்கும் இதே வரி வந்தால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சருக்கு எதுவும் புரியவில்லை என்றே நானும் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் லிஃப்ட்காரர் அலமாரியிலிருந்து கிட்டாரையும் டீச்சரின் பாட நோட்டையும் எடுத்துவந்தார். ஆறு ஆறு கோடுகளாக வரைந்து, கோடுகளின்மேல் எண்கள். டேப்லேச்சர் என்று பெயராம். கோடு கம்பியைச் சொல்லும். எண், எத்தனையாவது கட்டத்தில் விரல் வைப்பது என்று சொல்லும். தான் எழுதிய முதல் பாடத்தைக் கேட்டால் டீச்சர் திரும்பிப் பார்ப்பார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எண்களில் பூஜ்யம் என்னவென்று அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"விரலே வைக்காம மீட்டணும்க்கா. தரைத்தளம் மாதிரி. மாடி இல்லன்னாலும் ஆள் அங்கதானே ஏறுறாங்க."

மூன்று வாரம், வேலை முடிந்து வந்து சீருடையோடு உட்கார்ந்தார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். மருந்து போட்டேன். சத்தமோ, அடுக்களையில் மூடிகள் சரிந்து விழுவதுபோல் இருந்தது.

"தம்பி, எழுந்து ஓட முடியாதவங்கதான் இதைக் கேட்டுட்டு இருப்பாங்க."

"அதனாலதான் டீச்சருக்கு வாசிக்கிறேன்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவர் நான்காவது முறை தடுமாறிக்கொண்டிருந்தபோது, போர்வைக்குள்ளிருந்து டீச்சரின் இடது கை வெளியே வந்தது. ஏதோ வெட்டி இழுக்கிறதென்று பிடிக்கப் போனேன். அது இழுப்பு அல்ல. விரல் நோட்டின் மேல்கோட்டில் நின்றது. பிறகு கிட்டாரில் அடியில் இருந்த மெல்லிய கம்பியைத் தொட்டது. திரும்பவும் நோட்டுக்குப் போய்க் கீழ்க்கோட்டில் நின்று, கணவரின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த தடித்த கம்பிக்கு வந்தது. கடைசியாக அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு. வகுப்பில் கவனிக்காத பிள்ளைக்கு விழும் தட்டு.

லிஃப்ட் வரைபடத்தில் மேல்மாடி மேலேதான் இருக்கும். அதே பழக்கத்தில் மேல்கோட்டை மேலே இருக்கும் கம்பி என்று எடுத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"மூணு வாரமா தலைகீழாவா படிச்சேன், டீச்சர்?"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். சரியான சலிப்பு அந்த முகத்தில்.

நோயாளியின் கட்டிலில் உட்காராதே என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அன்று நானே போய் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருட வேலையில் அதுதான் முதல் தடவை. மூன்று வாரமும் ஒவ்வொரு பிழையையும் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பேசிய கேலியையும்தான்.

லிஃப்ட்காரர் கோடுகளை மாற்றிப் படித்தார். நொண்டி நொண்டி ஒரு மெட்டு வந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வழக்கமான வரியை அடித்துவிட்டு, 'கணவரின் பிழையைத் திருத்தினார், இரண்டு கம்பிகளையும் சரியாகக் காட்டினார்' என்று எழுதினேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. லிஃப்ட்காரர் இன்னும் மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டில் தட்டு வாங்காத மாலையும் இல்லை.